‘அப்பாவோட’ என்று சொன்னவள்

பதினைந்து வயதுப் பெண்ணுக்கு வாக்குரிமை கிடையாது. வண்டி ஓட்ட உரிமம் கிடையாது. பள்ளிச் சுற்றுலாவுக்குப் போவதென்றாலும் பெற்றவர் கையொப்பம் வேண்டும். ஆனால் பெற்ற தாய் வேண்டுமா, பெற்ற தந்தை வேண்டுமா என்பதை மட்டும் அவளே சொல்லிவிடலாமாம். ‘குழந்தையின் விருப்பத்தை அறிதல்’ என்று இதற்கு அழகான பெயரும் சூட்டியிருக்கிறார்கள். வளர்ந்தவர்கள் இருவர் ஆண்டுக்கணக்கில் தீர்க்க மாட்டாமல் விட்டதை, ஒரு பிற்பகலில், தேநீர் ஆறுவதற்குள் ஒரு சிறுமி தீர்க்க வேண்டும் என்பதற்கு இத்தனை மென்மையான பெயரைத் தேடிப் பிடித்தவர் எவரோ, அவருக்குப் பிள்ளைகள் இருந்திருக்க வாய்ப்பில்லை.

அந்தப் பெண்ணை வீட்டில் ‘ஊசி’ என்று அழைத்தார்கள். உடம்பும் ஊசி, வாயும் ஊசி. தந்தை லிஃப்ட் பழுது பார்ப்பவர். தாய் செயற்கைப் பற்கள் செய்யும் கூடமொன்றில் வேலை பார்த்தாள். இருவரும் பிரிந்தபின், பள்ளி நாள்களில் தாயிடமும் விடுமுறை நாள்களில் தந்தையிடமும் ஊசி இருந்தாள். இரண்டு வீடுகளுக்கும் நடுவே ஒரே பேருந்து. இறங்கி மாற வேண்டியதில்லை. அதை ஒரு பெரிய பேறு போல எல்லாரும் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் குடும்பத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. அங்கே ஒருவரும் எதையும் நேராகக் கேட்டதில்லை. தாய், “எனக்கு ஒண்ணும் வேணாம், நீங்க சாப்பிடுங்க” என்றால், தனக்கு ஒரு பங்கு எடுத்து வைக்க வேண்டும் என்று பொருள். “யாரும் வர வேணாம், நானே போயிக்கறேன்” என்றால், ஒருவராவது செருப்பை மாட்டிக்கொண்டு பின்னால் வர வேண்டும். தந்தையோ பேச்சில் கஞ்சன். மனைவிக்குக் காய்ச்சல் வந்தால் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்க்கமாட்டார். மின்விசிறியைக் கழற்றி எண்ணெய் போடுவார். இந்த மொழியில் வளர்ந்த ஊசிக்கு இருவர் பேச்சும் புரியும். அவர்கள் இருவருக்குத்தான் ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாது.

பிரிந்த நாளும் அப்படியே நடந்தது. தாய் பையுடன் வாசலில் நின்று, “நான் போறேன்” என்றாள். தடுத்து நிறுத்துங்கள் என்பது அதன் பொருள். தந்தை சிறிது நேரம் அவளைப் பார்த்துவிட்டு, “சாவிய எடுத்துட்டுப் போ” என்றார். எப்போது வேண்டுமானாலும் திரும்பி வா, கதவைத் தட்டி நிற்க வேண்டாம் என்பது அவர் பொருள். தாயின் காதில் விழுந்ததோ வேறு: நீ வந்து என்னை எழுப்பாதே. அவள் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் படியிறங்கினாள். இரண்டையும் சரியாகப் புரிந்துகொண்ட ஒருத்தி அங்கே வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. அவள் வாயைத் திறக்கவில்லை. அதற்கு அவளைக் குறை சொல்ல எவருக்கும் தகுதியில்லை. ஆனால் அவள் தன்னைத்தானே குறை சொல்லிக்கொண்டாள். இன்னொரு முறை இப்படி வந்தால் சும்மா இருப்பதில்லை என்று முடிவும் செய்துகொண்டாள்.

இன்னொரு முறை வந்தது.

பள்ளி விட்டதும் ஊசி தாயின் வேலைக்கூடத்துக்குப் போய்க் காத்திருப்பாள். சுண்ணாம்புப் பொடி படிந்த நீண்ட மேசை. அதன்மேல் ஊர்பேர் தெரியாதவர்களின் தாடைகள் வெள்ளை அச்சுகளாய் வரிசையாக வாய் பிளந்து கிடக்கும். தாய் ஒரு கடைவாய்ப் பல்லை இடுக்கியில் பிடித்து, விளக்கருகே திருப்பித் திருப்பி நிறம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இது யாரோடது?”

“யாரோ வாத்தியாராம். பல்லைக் கடிச்சே தேச்சுட்டாராம்.”

“பிள்ளைங்க பாவம்.”

“பல்லும்தான் பாவம்.” தாய் பல்லை அச்சில் பொருத்தினாள். பிறகு நிமிராமலே, “வேற ஊர்ல ஒரு லேப்ல கூப்பிடறாங்க. பெரிய லேப். ரயில்ல ஒரு ராத்திரி போகணும்” என்றாள்.

“எதுக்கு?”

“இங்க சலிச்சுப் போச்சுடி. ஒரே மேசை, ஒரே சுவர்.”

“அப்ப போ.”

“போகத்தான் போறேன்.” அரம் பல்லின்மேல் இரண்டு முறை உரசியது. “நீ என்ன சொல்ற?”

“நான் என்ன சொல்றது? உன் வேலை, உன் இஷ்டம்.”

“அதானே. யாரும் என்னைத் தடுக்கப் போறதில்ல.”

ஊசியின் காதில் அது பழைய வாசற்படியிலிருந்து வந்த குரலாகவே விழுந்தது. அம்மா போக விரும்பவில்லை. தடுக்க ஆள் தேடுகிறாள். அப்படித்தான் அவள் புரிந்துகொண்டாள். அதற்கு முன்பும் எத்தனையோ முறை, “உன்னை விட்டுட்டு நான் எங்கடி போகப் போறேன்” என்று தாய் சொல்லியிருக்கிறாள் அல்லவா? மகள் வரவில்லை என்றால் தாயும் போகமாட்டாள். கணக்கு எளிதாகத்தான் இருந்தது.

அவள் உள்ளத்தில் இருந்ததையும் இங்கே சொல்லிவிட வேண்டும். தாய் இதே ஊரில், ஒரே பேருந்தில் போய்ச் சேரும் தொலைவில் இருக்க வேண்டும். அது முதல் ஆசை. அது நடக்காதென்றால் தாய் போகும் ஊருக்குத் தானும் போக வேண்டும், அது இரண்டாவது. தந்தையிடமும் அவளுக்கு அன்பு உண்டு. ஆனால் தாய் இல்லாத ஊரில் இருப்பதென்பது அவள் ஆசைகளின் வரிசையில் எந்த இடத்திலும் இல்லை.

அந்த வார விடுமுறையில் தந்தை வீட்டில் இதே பேச்சு நடந்தது. அங்கே தந்தையின் அக்கா இருந்தாள். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை; நாள்முழுதும் இயந்திர இரைச்சலில் நின்று பழகியதால், வீட்டிலும் உரக்கத்தான் பேசுவாள்.

“பல்லு கட்டறவளுக்கு என்ன, ஊரெல்லாம் வாய்தான். போற இடமெல்லாம் வேலை கிடைக்கும்,” என்றாள் அத்தை. “நீதான்டா இங்க லிஃப்ட்டுக்குள்ள தொங்கிட்டு இருக்க. பொண்ணைக் கூட்டிட்டுப் போயிடுவா, பாத்துக்க.”

“கோர்ட்டுல கேக்கணும்ல. ரெண்டு பேரும் சம்மதிக்காம பொண்ண ஊர் மாத்தக் கூடாதுன்னு தீர்ப்புல எழுதியிருக்கே,” என்றார் தந்தை.

“அப்ப சம்மதிக்காத. வக்கீலப் பாரு.”

“பாத்துட்டேன். பொண்ணுகிட்டதான் கேப்பாங்களாம்.”

அத்தை ஊசியின் பக்கம் திரும்பினாள். “கேட்டாச் சொல்லுவால்ல? வாயுள்ள பிள்ளை பிழைக்கும்.”

“நான் பிழைக்கறது இருக்கட்டும் அத்தை, மெதுவா பேசுங்க. மேல் வீட்டுக்காரர் பதில் சொல்லப் போறாரு.”

தந்தை சிரித்தார். அவர் மடியில் தேய்ந்துபோன பிரேக் கட்டை ஒன்று இருந்தது. அதைத் துணியால் துடைத்தபடி, பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ, மகளிடம் சொன்னார்: “கரண்ட் போனா லிஃப்ட் விழுந்துடும்னு எல்லாரும் பயப்படறாங்க. விழாது. கரண்ட் இருக்கற வரைக்கும்தான் இந்தப் பிரேக் விலகி நிக்கும். கரண்ட் நின்ன உடனே ஸ்பிரிங் அழுத்திப் பிடிச்சுக்கும்.”

“உள்ள இருக்கறவங்க?”

“இருந்த இடத்துலயே நிப்பாங்க. ஒண்ணும் ஆகாது.”

ஊசிக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று. தள்ள வேண்டாம், இழுக்க வேண்டாம். தன் சம்மதத்தை நிறுத்திவிட்டால் போதும். எல்லாரும் இருந்த இடத்தில் நிற்பார்கள். ஒன்றும் ஆகாது.

நீதிமன்றத்தில் அவளைத் தனியறைக்கு அழைத்துப் போனார்கள். குழந்தைகள் அஞ்சாமல் இருப்பதற்காகச் சுவரில் ஒரு யானைப் படம் ஒட்டியிருந்தார்கள். யானையின் தும்பிக்கைக்குக் குறுக்கே மின்சுவிட்ச் இருந்தது. நீதிபதி அம்மையார் கனிவானவர். அதில் ஐயமில்லை. கனிவோடு செய்யப்படும் தவறுகளைத்தான் திருத்துவது கடினம்.

“உக்காரும்மா. தண்ணி வேணுமா?”

“வேணாம் மேடம்.”

“அம்மா வேற ஊருக்குப் போகணும்ங்கறாங்க. உன்னையும் கூட்டிட்டுப் போகணும்னு கேக்கறாங்க. அப்பா வேணாம்ங்கறாரு. இதுல உன் விருப்பம் என்ன? யாரோட இருக்க ஆசைப்படற?”

இருவரில் ஒருவரைச் சொல் என்பது வினா அன்று. வினாவின் உடையை உடுத்துக்கொண்ட கட்டளை. உன் விருப்பம் என்ன என்பதோடு நிறுத்தியிருந்தால், அம்மா போகக் கூடாது என்று அந்தப் பெண் ஒருவேளை சொல்லியிருப்பாள். ஆனால் வினாவோடு விடைகளையும் சேர்த்தே கொடுத்தார்கள். அவள் ஒன்றை எடுத்துக்கொண்டாள்.

“அப்பாவோட.”

“ஏன்மா?”

இதற்கு அவள் ஆயத்தமாகவே வந்திருந்தாள். அடுத்த ஆண்டு பொதுத்தேர்வு. பள்ளி மாறினால் பாடம் மாறும். தோழிகள் இங்கே இருக்கிறார்கள். கணக்கு டீச்சர் நன்றாக நடத்துகிறார். ஒவ்வொன்றும் உண்மை. ஒன்றுகூடக் காரணம் அன்று.

“யாராவது இப்படிச் சொல்லுன்னு சொன்னாங்களா?”

“இல்ல மேடம். நானே யோசிச்சதுதான்.”

“அம்மா போயிட்டா வருத்தமா இருக்காதா?”

“அவங்க போகமாட்டாங்க,” என்றாள் ஊசி.

நீதிபதி அந்தச் சொல்லை ஒரு குழந்தையின் ஆறுதலாக எடுத்துக்கொண்டார். “லீவுக்கு லீவு பாக்கலாம்மா. போன்ல முகம் பாத்துப் பேசலாம்,” என்று சொல்லிவிட்டு எழுத்தரைப் பார்த்தார். “நல்ல தெளிவான பொண்ணு” என்றும் சொன்னார். தெளிவு! அந்த அறையில் அன்று இல்லாதிருந்தது அது ஒன்றுதான்.

கூடத்தில் எல்லாரும் எழுந்து நின்றார்கள். மகள் தந்தையுடன் இருக்க விரும்புகிறாள், காரணங்களை அறிவோடு எடுத்துரைக்கிறாள் என்பதை நீதிபதி அறிவித்தார். பிறகு தாயைப் பார்த்து, “நீங்க ஏதாவது சொல்லணுமா?” என்று கேட்டார்.

தாயின் விரல் நுனிகளில் எவ்வளவு தேய்த்தாலும் போகாத வெள்ளைப் பொடி இருந்தது. அதை மற்றொரு கையால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“அவ விருப்பம் அதுன்னா,” என்றாள், “சரி.”

சொல்லிவிட்டு நின்றாள். அவள் காத்திருந்தாள். இல்லம்மா, நானும் வர்றேன் என்று மகள் ஓடி வருவாள் என்று காத்திருந்தாள். மகளும் காத்திருந்தாள். அப்படின்னா நானும் போகல என்று அடுத்த சொல் தாயின் வாயிலிருந்து வரும் என்று, தன் செருப்பைப் பார்த்தபடி நின்றாள். கூடத்தில் யாரோ இருமினார்கள்.

அந்தச் ‘சரி’யின் பொருள் தெரிந்த மூன்றாமவர் ஒருவரும் அங்கே இருந்தார். ஒரு முறை அதே மாதிரியான சொல்லைச் சொல்லின்படியே எடுத்துக்கொண்டு மனைவியை இழந்தவர் அவர். தந்தை வாயைத் திறந்தார். ஒரு கையையும் பாதி உயர்த்தினார். வக்கீல் அவர் சட்டைக்கையைப் பிடித்து இழுத்தார். “சும்மா இருங்க சார். ஜெயிச்சாச்சு.”

கை இறங்கிவிட்டது. அடுத்த வழக்கை அழைத்தார்கள்.

தாய் புறப்படுவதற்கு முந்திய நாள், தன் துணிமணிகளையும் புத்தகங்களையும் எடுத்துக்கொள்ள ஊசி அந்த வீட்டுக்குப் போனாள். இரண்டே அறைகள். திரைச்சீலையைக் கழற்றியிருந்ததால் வெயில் நேராகத் தரையில் விழுந்தது. அட்டைப் பெட்டிகளின்மேல் தாய் கொட்டையெழுத்தில் எழுதிக்கொண்டிருந்தாள். கடைசி நொடியில் தாய் நின்றுவிடுவாள் என்ற நம்பிக்கை அதுவரையிலும் ஊசிக்கு இருந்தது. பெட்டிகளைக் கண்டபோதுதான் அது ஆட்டம் கண்டது.

“நிஜமாவே போறியா?”

“பின்ன, விளையாட்டுக்கா பெட்டி கட்டறாங்க?”

“போகாம இருந்தா என்னம்மா?”

தாய் பேனாவை மூடினாள். “இருந்தா? லேப்ல மெஷின் வாங்கிட்டாங்கடி. பல்லை அதுவே கடைஞ்சு துப்பிடுது. வருஷக் கடைசியில பாதிப் பேருக்கு நாற்காலி கிடையாது. எனக்கும் கிடையாது.”

“சலிச்சுப் போச்சுன்னுதானே சொன்ன?”

“ஆமா, சொன்னேன்.”

“ஏன் இதச் சொல்லல?”

“சொன்னா, ஐயோ பாவம்னு என்கூட வந்திருப்ப. நீ பாவம்னு வர வேணாம், ஆசைப்பட்டு வரணும்னு நினைச்சேன்.” தாய் நாடாவை இழுத்துப் பல்லால் கடித்து அறுத்தாள். “அங்க ஒரு வீடு பாத்து வெச்சிருந்தேன். உனக்குத் தனி ரூம். ஜன்னலத் திறந்தா எதிர்ல கட்டடமே இல்ல. இப்ப வேணாம்னுட்டேன். ஒத்தை ரூம் போதும்.”

ஊசி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அந்தக் குடும்பத்தில் எவரும் செய்யாத ஒன்றை அப்போது அவள் செய்தாள், நேராகப் பேசினாள்.

“எனக்கு உன்கூட வரணும்மா. அப்பவும் ஆசைதான். நான் வரலைன்னா நீயும் போகமாட்டேன்னு நினைச்சுதான் அப்படிச் சொன்னேன்.”

தாய் அருகில் வந்து, பொடி படிந்த விரல்களால் அவள் தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டாள்.

“ஜட்ஜுகிட்ட தெளிவாச் சொன்னியாமே. ஒண்ணொண்ணா காரணம் சொன்னியாமே. இப்ப வேலை போச்சுன்னு தெரிஞ்சதும் வர்றேங்கற. இதத்தான்டி நான் வேணாம்னேன்.”

“இல்லம்மா, நிஜமாத்தான் சொல்றேன்.”

“தெரியும். நீ நல்ல பொண்ணு. போய்ப் படி.”

நேர்மொழி ஒருபோதும் புழங்காத வீட்டில், அது வந்து நின்றபோது அதை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை.

தாய் போன பிறகு தந்தை வக்கீலிடம் போனார். மகளைத் தாயிடமே அனுப்ப வழியுண்டா என்று கேட்டார். வக்கீல் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, “ஜெயிச்சவன் வந்து தோக்கணும்னு கேக்கறத இப்பத்தான் பாக்கறேன் சார்” என்றார். “அந்தம்மா கேக்கட்டும். அவங்க கேட்டாலும், பொண்ணு அன்னைக்கு ஒண்ணு சொன்னா, இன்னைக்கு ஒண்ணு சொல்றாளேன்னு ஜட்ஜ் கேப்பாங்க. இனி அவ பேச்சுக்கு மதிப்பு இருக்குமா? கொஞ்ச நாள் போகட்டும்.” பெண்ணின் சொல்லுக்கு அவ்வளவு மதிப்புக் கொடுத்தவர்கள், அது ஒரே ஒரு முறை பயன்படும் மதிப்பு என்பதை அவளிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை.

அன்று மாலை தந்தை தாயைக் கைப்பேசியில் அழைத்தார். அடுக்களைக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரு மெல்லிய பலகைத் தடுப்புதான். ஊசி தடுப்புக்கு இந்தப் பக்கம் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

“நான்தான்,” என்றார் தந்தை. “நீ அவளக் கூட்டிட்டுப் போயிடு.”

வாழ்நாளில் அவர் அந்தப் பெண்மணியிடம் சுற்றி வளைக்காமல் சொன்ன வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். மறுமுனையில் என்ன கேட்டார்கள் என்பது தடுப்பைத் தாண்டி வரவில்லை. வந்தவையெல்லாம் இவர் பக்கத்துத் துண்டுகள்தாம்.

“இல்ல, சுமைன்னு இல்ல… அப்படிச் சொல்லல… வெச்சுக்க முடியாம இல்ல… அக்கா ஒண்ணும் சொல்லல…” பிறகு நெடிய இடைவெளி. “சரி. சரி, விடு.”

அவர் கைப்பேசியை வைத்துவிட்டுக் குழாயின் திருகைக் கழற்றத் தொடங்கினார். குழாய் ஒழுகவில்லை.

ஊசி எழுதிக்கொண்டிருந்த வரியை முடித்துவிட்டுப் புத்தகத்தை மூடினாள். தாயின் மொழியும் தந்தையின் மொழியும் அவளுக்கு நன்றாகத் தெரியும் என்று முன்பே சொல்லியிருக்கிறது. ஆனால் அன்று அவள் எதையும் மொழிபெயர்த்துப் பார்க்கவில்லை. கூட்டிட்டுப் போயிடு என்றார் தந்தை, தாய் மறுத்துவிட்டாள். காதில் விழுந்தது அவ்வளவுதான். அதை அப்படியே எடுத்துக்கொண்டாள்.

அதன்பின் அந்த வீட்டில் அவள் மிக நல்ல பிள்ளையாகிவிட்டாள். சாப்பிட்ட தட்டை உடனே கழுவி வைத்தாள். தன் துணிகளைப் பையிலேயே மடித்து வைத்துக்கொண்டாள். அலமாரியில் அத்தை ஒதுக்கித் தந்த அடுக்கு வெறுமையாகவே கிடந்தது. அறையை விட்டு வரும்போதெல்லாம் விளக்கை அணைத்தாள். அத்தையைக் கேலி செய்வதை விட்டுவிட்டாள்.

“என்னடி, விருந்தாளி மாதிரி இருக்க?” என்றாள் அத்தை. “நாலு வார்த்தை எதிர்த்துப் பேசேன். வீடு வீடு மாதிரியே இல்ல.”

“ஒண்ணுமில்ல அத்தை,” என்றாள் ஊசி. “உங்களுக்கு எது வசதியோ அப்படியே இருக்கட்டும்.”